பாதி மாடு வாங்கினோம், மீதி எங்கே போச்சு?

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சஸில், சான் அன்டோனியோவில் இருக்கிறோம். இங்கிருந்து இரண்டு மணி நேரம் போனால் ஒரு குடும்பம் நடத்தும் ரான்ச், அதாவது மாட்டுப் பண்ணை, வருகிறது. அவர்களுடைய வெப்சைட்டில் ‘நேச்சுரல் பீஃப்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, என் வீட்டுக்காரரும் அவர் நண்பரும் சேர்ந்து பாதி மாடு புக் செய்தார்கள். ‘ஹேங்கிங் வெயிட்’ 360 பவுண்டு, பவுண்டுக்கு 4.75 டாலர் என்று பணம் வாங்கிக்கொண்டார்கள். வெட்டுக்கூலி தனியாக 510 டாலர். வீட்டுக்கு வந்த கறியோ 225 பவுண்டுதான். 135 பவுண்டை அமுக்கிவிட்டார்கள், ரிவ்யூவில் கிழிக்கிறேன் பார் என்று நண்பர் குதிக்கிறார். போதாக்குறைக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் ‘நாட் ஃபார் சேல்’ என்று முத்திரை வேறு. இது என்ன, கள்ளக்கறியா? ‘நேச்சுரல்’ என்று சொன்னதாவது நிஜமா? எப்படி வெட்ட வேண்டும், எது வேண்டும், எது வேண்டாம் என்று நாங்கள் நிரப்பிக் கொடுத்த கட் ஷீட்டின் நகலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த நண்பரின் போனை வாங்கி வையுங்கள். யாரும் எதையும் அமுக்கவில்லை.

ஹேங்கிங் வெயிட் என்பது தோல், தலை, கால், குடல் எல்லாம் போனபின் கொக்கியில் தொங்கும் உடலின் எடை. உங்கள் பாதி 360 என்றால் முழு உடல் 720. உயிரோடு நின்றபோது அந்த மாடு சுமார் 1,200 பவுண்டு இருந்திருக்கும். எடை போட்டதும் வெட்டிவிட மாட்டார்கள். கறி மெத்தென்று ஆக வேண்டும் என்று இரண்டு வாரம் போலக் குளிரறையில் தொங்கவிடுவார்கள். அதில் கொஞ்சம் தண்ணீர் வற்றும். பிறகு எலும்பு, கொழுப்பு, ஜவ்வு எல்லாம் கழியும். கடைசியில் தொங்கிய எடையில் 60 முதல் 65 சதவீதம் கைக்கு வந்தால் சரியான கணக்கு. உங்களுக்கு வந்திருப்பது 62.5. பழுதில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய கட் ஷீட்டைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. ‘போன்லெஸ்’ என்று எல்லா இடத்திலும் டிக். ‘சூப் போன்ஸ்’ வேண்டாம். ஈரல் வேண்டாம், நாக்கு வேண்டாம், வால் வேண்டாம். ‘ஷாங்க்’ என்கிற கால்கறியை எலும்பை எடுத்துவிட்டு அரைத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லி எலும்பை அரைக்கச் சொன்ன தமிழ் வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன்! போன எடையில் ஒரு பங்கு உங்கள் கையாலேயே குப்பைக்குப் போயிருக்கிறது.

குற்றம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. நான் முதல்முறை பாதி மாடு வாங்கியபோது வெட்டும் இடத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, “வால் வேணுமா?” என்று கேட்டாள். வேண்டும் என்றால் என்ன நினைப்பாளோ என்ற கூச்சத்தில் “நோ, தேங்க் யூ” என்றேன். மாட்டுக்கு ஒரு வால்தான். அது மற்ற பாதியை வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டது. மிளகு தட்டிப் போட்டு வால் சூப் வைக்கும்போதெல்லாம் அந்த ‘நோ’ இன்னும் ஞாபகம் வருகிறது.

விலையையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். 360-ஐ 4.75-ஆல் பெருக்கினால் 1,710. வெட்டுக்கூலி 510-ஐச் சேர்த்தால் 2,220. அதை 225-ஆல் வகுத்தால் பவுண்டுக்கு 9.87 டாலர் விழுகிறது. வெப்சைட்டில் பார்த்த 4.75 மனதில் இருப்பதால்தான் ஏமாந்த மாதிரித் தோன்றுகிறது. இது மலிவும் இல்லை, கொள்ளையும் இல்லை. கடையில் சாதாரணக் கைமாவின் சராசரி விலையே 2025 நடுவில் 6 டாலரைத் தாண்டிவிட்டது. உங்கள் 9.87-இல் கைமாவும் உண்டு, கடையில் அதைப்போலப் பல மடங்கு விலை சொல்லும் ஸ்டேக்கும் உண்டு. ஆனால் கைமாதான் அதிகம் இருக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மாடு ஸ்டேக்காலேயே செய்யப்பட்டதில்லை.

‘நாட் ஃபார் சேல்’ முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் கறியை விற்க வேண்டுமென்றால் அரசு ஆய்வாளர் பார்த்திருக்க வேண்டும் என்பது 1906-ஆம் ஆண்டுச் சட்டம். தன் மாட்டைத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வெட்டிக்கொள்பவருக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் ரான்ச்காரர்கள் கறியாக விற்காமல், உயிரோடு இருக்கும்போதே மாட்டைப் பங்கு போட்டு விற்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் கறி வாங்கியவர் அல்ல, பாதி மாட்டின் சொந்தக்காரர். வெட்டுக்கூலியைத் தனியாகக் கட்டச் சொன்னதும் அதனால்தான். வீட்டில் சாப்பிடலாம், விருந்தாளிக்குச் சும்மா போடலாம். தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் பிரியாணி ஸ்டால் போட்டு விற்கக் கூடாது. பெட்டியில் டிரை ஐஸ் வைத்து வேறு மாநிலத்துக்கு பார்சல் அனுப்பும் ரான்ச்கள் உண்டு. அந்தப் பாக்கெட்டில் மத்திய அரசின் வட்ட முத்திரை இருக்க வேண்டும். அங்கே வாங்கும்போது அதைப் பாருங்கள்.

இப்போது ‘நேச்சுரல்’. இந்த வார்த்தையை நம்பிப் பத்துப் பைசா கூடக் கொடுக்காதீர்கள். அமெரிக்க விவசாயத் துறையின் அகராதியில், கறியில் செயற்கைப் பொருளும் நிறமும் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. மாடு எங்கே நின்றது, எதைத் தின்றது, என்ன ஊசி போட்டார்கள் என்று அது வாயே திறக்காது. கடைகளில் குளிர்பெட்டியில் கிடக்கும் சாதாரணக் கறியும் அந்தப் பெயருக்குத் தகுதியானதுதான்.

ரான்ச்காரரிடம் நேரே வாங்குவதில் உள்ள பெரிய லாபமே கேள்வி கேட்கலாம் என்பதுதான். அதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. “கடைசி மூன்று நான்கு மாதம் என்ன தீனி?” என்று கேளுங்கள். புல்லிலேயே வளர்ந்தது என்பார்கள். கடைசிவரை புல்லா, மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைத்தார்களா என்பதில்தான் ருசியும் விலையும் இருக்கிறது. “காதில் ஹார்மோன் வைத்தீர்களா?” என்று கேளுங்கள். காதுத் தோலுக்கு அடியில் சின்ன மாத்திரையாக வைப்பது இங்கே சட்டப்படி நடப்பதுதான். “மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்றும் கேளுங்கள். எங்கள் மாட்டுக்கு நோயே வராது என்பவரை நான் நம்பமாட்டேன். மருந்து கொடுத்துக் காப்பாற்றுவோம், அந்த மாட்டை மட்டும் தனியாகப் பிரித்துச் சந்தையில் விற்றுவிடுவோம் என்பவரிடம் வாங்குவேன்.

அந்த ரான்ச் படத்தில் திமில் வைத்த மாடு நிற்கிறதே, நம்மூர் மாடு மாதிரி இருக்கிறதே என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். சொந்தம்தான். அது பிராமன் இனம். கிர், காங்ரேஜ், நெல்லூர் என்று இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவாக்கியது. டெக்சஸ் வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்று ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு மாடுகளோடு கலந்து வளர்க்கிறார்கள். அதற்கென்று 1924-இலேயே ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை கட் ஷீட்டை நண்பர் கையில் கொடுக்காமல் நீங்களே நிரப்புங்கள். ஷாங்க் எலும்போடு, குறுக்காக, இரண்டு அங்குலத் துண்டு. சூப் எலும்பு வேண்டும். ஈரல் வேண்டும். ‘ஸ்டூ மீட்’ கூடுதலாகக் கேளுங்கள், நம் குழம்புக்கு அதுதான் சரி. கைமா ஒரு பவுண்டுப் பாக்கெட்டாக இருக்கட்டும். வால், நாக்கு இரண்டையும் முன்பணம் கட்டும் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். மற்ற பாதியை வாங்குபவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ மெக்சிகோக்காரராகவோ இருந்தால் அவருக்கும் அவற்றின் அருமை தெரிந்திருக்கும்.