கம்பைல் செய்தும் பழைய இசட்எஃப்எஸ் மாட்யூலே ஓடுகிறது

ஓப்பன்இசட்எஃப்எஸ் (இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ஓப்பன் சோர்ஸ் வடிவம்) மாஸ்டர் கிளையை, அதாவது வளர்ச்சியில் உள்ள புதிய சோர்ஸை, இழுத்துக் கம்பைல் செய்தபிறகு, 'இசட்எஃப்எஸ் வெர்ஷன்' என்று அடித்தால் இரண்டு வரியிலும் வேறுவேறு எண் வருகிறது என்கிறீர்கள். பில்டில் தவறில்லை. முதல் வரி கட்டளைக் கருவிகளின் பதிப்பு. 'கேமாட்' என்று வரும் இரண்டாவது வரி, கெர்னலில் இப்போது ஓடும் மாட்யூல், அதாவது கெர்னலோடு ஏற்றி இறக்கக்கூடிய இசட்எஃப்எஸ் பகுதி. டிஸ்ட்ரோ கொடுத்த பழைய மாட்யூல் பூட் ஆகும்போதே ஏறி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லா பூலையும் (டிஸ்க்குகளைக் கொண்டு இசட்எஃப்எஸ் அமைக்கும் சேமிப்பிடம்) எக்ஸ்போர்ட் செய்து கழற்றிவிட்டு, அந்தப் பழைய மாட்யூலை இறக்குங்கள். (சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனே இசட்எஃப்எஸ் என்றால் இறங்காது; விர்ச்சுவல் மெஷினுக்குப் போய்விடுங்கள்.) பில்டை சிஸ்டத்தில் நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' இப்போதைக்கு வேண்டாம். சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள இசட்எஃப்எஸ்.எஸ்எச்-ஐ ரூட்டாக ஓட்டினால் நீங்கள் பில்ட் செய்ததே லோடாகும். 'மைனஸ் யு' கொடுத்தால் இறங்கும். கட்டளைகளையும் சோர்ஸ் ஃபோல்டரிலிருந்தே ஓட்டுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று முரண்டு பிடித்தால் கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள்.

சோதனைக்கு நிஜ டிஸ்க் எதற்கு? 'ட்ரங்கேட்' கட்டளையால் 1 ஜிபி ஃபைல் உருவாக்கி அதிலேயே பூல் போடலாம்.

உண்மையான பூலில் மட்டும், புதிய பதிப்பின் அம்சங்களை இயக்கிவிடும் 'இசட்பூல் அப்கிரேட்' அடித்துவிடாதீர்கள். பின்வாங்க வழியில்லை, புதிய அம்சம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் பழைய மாட்யூல் அந்தப் பூலில் எழுத மறுக்கும். நான் ஒருமுறை அடித்துவிட்டு, சனி ஞாயிறு முழுக்க பேக்கப்பை மீட்டுக்கொண்டிருந்தேன்.