காரில் வழிகாட்டும் ஜிபிஎஸ்: செட்டிநாட்டிலிருந்து சில கேள்விகள்

கேள்வி (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்): கல்யாணத்துக்கு லொக்கேஷன் அனுப்பினோம். பாதிப் பேர் பின்வாசலில் போய் நின்றார்கள். சாட்டிலைட் இவ்வளவு தப்பாகக் காட்டுமா?

பதில்: சாட்டிலைட் மேல் தப்பில்லை ஆச்சி. திறந்த வெளியில் போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். நம் வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. புள்ளியை வீட்டுக்குள் வைத்தால், அதற்கு எந்தத் தெரு பக்கமோ அங்கே மேப் கொண்டுபோய் விடும். முகப்பு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. இனி முகப்புக்கு வெளியே தெருவில் நின்று லொக்கேஷன் எடுத்து அனுப்புங்கள். வீட்டு விலாசத்தையும், அதாவது நம் பக்கம் குடும்பத்துக்கென்று வழங்கும் இனிஷியலையும், சேர்த்து எழுதுங்கள். கதவு எண்ணைவிட அந்த இனிஷியலைச் சொல்லிக் கேட்டால்தான் ஊரில் சட்டென்று காட்டுவார்கள்.

கேள்வி (தேவகோட்டை மாணவர்): என் கார் எங்கே இருக்கிறது என்று சாட்டிலைட்டுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: தெரியவே தெரியாது தம்பி. ஜிபிஎஸ் சாட்டிலைட்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. காரில் உள்ள கருவி கேட்டுக்கொள்வதோடு சரி. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். மூன்று சாட்டிலைட் போதும் என்று தோன்றும். ஆனால் அவற்றில் இருப்பது அணுக் கடிகாரம், நம்மிடம் இருப்பது சாதாரணக் கடிகாரம். மைக்ரோ செகண்ட் ஒன்று பிசகினால் தூரம் 300 மீட்டர் மாறிவிடும். அந்தப் பிசகையும் கணக்கில் கண்டுபிடிக்கத்தான் நான்காவது சாட்டிலைட் வேண்டும். மேப் ஆப் உங்கள் இருப்பிடத்தை இன்டர்நெட் வழியாகத் தன் நிறுவனத்துக்கு அனுப்புவது வேறு விஷயம்.

கேள்வி (புதுவயல்): டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். வராமல் போவது மேப் படம்தான். கிளம்புவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியை டவுன்லோடு செய்துவிடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர், வாடகைக் கார் ஓட்டுபவர்): மழை நாளில் கண்மாய்க்கரை வழியாகப் போகச் சொன்னது. சேற்றில் டயர் புதைந்துவிட்டது. குறுக்கு வழி என்றால் இப்படியா?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான் அண்ணே. சாட்டிலைட் சொல்வது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும். பாதையைத் தேர்ந்தெடுப்பது மேப். சாலையின் நீளத்தையும், அதில் இவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற கணக்கையும் வைத்துச் சீக்கிரம் போகும் வழியைப் பிடிக்கும். அது செம்மண் பாதை என்று யாராவது பதிந்திருந்தால்தான் மேப்புக்குத் தெரியும். நேற்றுப் பெய்த மழை தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் ஓடும் நூற்றுக்கணக்கான போன்களிலிருந்து போக்குவரத்து நிலவரம் கிடைக்கிறது. கண்மாய்க்கரையில் யார் போகிறார்கள்? அங்கே வெறும் ஊகம்தான். இந்தக் கருவிகளின் பெரிய குறை இதுதான் என்பேன், ஆபத்தும் இதில்தான். கிளம்பும்போதே முழுப் பாதையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் மிச்சம் என்று மெலிந்த கோட்டுக்குள் திருப்பினால், டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (கோட்டையூர்): மேகமூட்டம் இருந்தால் சிக்னல் வராதா?

பதில்: வரும். மழை மேகம் அவ்வளவாகத் தடுக்காது. கான்கிரீட் கூரையும் சுரங்கப்பாதையும்தான் தடுக்கும்.