மெஷின் தன்னைச் சோதித்துக்கொள்ளும், சரி. விரலை யார் சோதிப்பது?

கேள்வி: மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் சுகர் பார்க்கும் மெஷின் வாங்கினேன். "ஆன் பண்ணினா அதுவே செக் பண்ணிக்கும்மா, வேற எதுவும் வேண்டாம்" என்றார் கடைக்காரர். காலையில் வெறும் வயிற்றில் 130 காட்டுகிறது. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் 270, 280. அதே நேரத்தில் லேபில் கொடுத்தால் 170தான். மெஷின் பழுதா? மாற்றித் தரக் கேட்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள், அம்மா. எனக்கு முதல் சந்தேகம் மெஷின் மேல் இல்லை, மாம்பழத்தின் மேல். பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சுவதோ ஒரு துளிக்கும் குறைவான ரத்தம். அதில் இந்தச் சர்க்கரை சேர்ந்தால் அளவு எகிறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் பழச்சாறு முழுதாகப் போகாது. தண்ணீரும் சோப்பும்தான் வழி.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஸ்ட்ரிப்பைச் செருகியதும் மெஷின் தன் மின்சுற்று, பேட்டரி, சுற்றியுள்ள வெப்பம் இவற்றைப் பார்த்துக்கொள்கிறது. ஏற்கெனவே பயன்படுத்திய ஸ்ட்ரிப் என்றாலோ, ரத்தம் போதவில்லை என்றாலோ எரர் காட்டும். ஆனால் வந்த சர்க்கரை ரத்தத்திலிருந்து வந்ததா, மல்கோவாவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. மூடி சரியாக மூடாமல் காற்றுப் பட்டுக் கெட்டுப்போன ஸ்ட்ரிப்பையும் எல்லா மெஷினும் கண்டுபிடிக்காது. சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் ஸ்ட்ரிப் டப்பாவை வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் அச்சிட்டிருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் கண்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. இவ்வளவு சர்க்கரை என்று அளந்து கலந்த திரவம். ரத்தத்துக்குப் பதில் இதில் ஒரு துளியை ஸ்ட்ரிப்புக்குக் கொடுத்தால், டப்பாவில் அச்சிட்ட இரண்டு எண்களுக்கு நடுவில் விடை வர வேண்டும். புது டப்பா திறக்கும்போதும், மெஷின் கீழே விழுந்தாலும், உடம்பு சொல்வதும் மெஷின் சொல்வதும் ஒத்துப்போகாதபோதும் செய்து பாருங்கள். பாட்டிலைத் திறந்தால் பெரும்பாலும் 3 மாதம்தான், தேதியை மேலேயே எழுதிவிடுங்கள். உங்கள் மெஷினின் கம்பெனி பாட்டில்தான் வேண்டும். கடையில் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். வாங்கும்போதே கேட்காமல் விடுவதுதான் நம்மவர்கள் செய்யும் தப்பு.

லேபோடு அப்படியே ஒத்துப்போகவும் வேண்டாம். 2013ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரப்படி, அளவு 100-க்கு மேல் என்றால் நூற்றில் 95 முறை 15 சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் போதும். லேபில் 140 என்றால் மெஷினில் 119-லிருந்து 161 வரை வரலாம். சாப்பிட்ட பிறகு நரம்பு ரத்தத்தைவிட விரல் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவும் இருக்கும். அதனால் ஒப்பிடுவதென்றால் வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள். ரத்தசோகை இருந்தாலும் சில மெஷின்கள் கூட்டிக் காட்டும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கு வரும் ஊழியர் சுகர் பார்க்கும்போது, கை கழுவிவிட்டு உங்கள் மெஷினிலும் பார்த்து வையுங்கள். புது டப்பா ஸ்ட்ரிப்பிலும் கண்ட்ரோல் சொல்யூஷன் இரண்டு முறை எல்லை தாண்டினால், அப்போது கடைக்குப் போய் மாற்றித் தரக் கேளுங்கள். கையில் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: சிறிய கிளினிக் நடத்துகிறோம். சோடியம், பொட்டாசியம் எல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லும் கையடக்க மெஷின் வாங்க யோசனை. "குவாலிட்டி கண்ட்ரோல் ஆட்டோமேட்டிக், செலவே கிடையாது" என்கிறார் விற்பனைப் பிரதிநிதி.
– பென்னாகரம்

பதில்: ஆட்டோமேட்டிக் என்பது பொய் இல்லை. இந்த வகை மெஷின்கள் பலவற்றில், ரத்தம் தொடுவதற்கு முன், சோதனைக்குச் செருகும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் அளவு தெரிந்த திரவம் சென்சார் மேல் ஓடி அதைச் சரிபார்த்துவிடும். நடுவில் காற்றுக் குமிழோ ரத்தக் கட்டியோ வந்தால் விடை தராமல் நிறுத்திவிடும். "செலவே கிடையாது" என்பதைத்தான் நம்பாதீர்கள். நின்றுபோன ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் உங்கள் காசு. கார்ட்ரிட்ஜ் புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால், அளவு தெரிந்த திரவக் கண்ட்ரோல் போட்டுப் பார்க்கவும் சில கார்ட்ரிட்ஜ் போகும்.

பெரிய ஆபத்து வேறு. விரலைப் பிழிந்து எடுத்தால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் ஏறும். லேபில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரான சீரம் சிவந்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். முழு ரத்தத்தில் பார்க்கும் பெரும்பாலான மெஷின்களுக்கு அது தெரியாது. அப்புறம் ஃபிரிட்ஜ். கார்ட்ரிட்ஜ்கள் பொதுவாக 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? அதற்கு வழி வைத்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: "மெடிக்கல் ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். அவ்வளவுதானா?
– பாலக்கோடு

பதில்: மனம் மாறியதற்கு ரிட்டர்ன் இல்லை என்றால் சரி. பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லும் டப்பாவும் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் எங்கிருந்து வாங்கியிருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.