எந்த உலகத்தில் குடியேறுவது? இணைய ரோல் பிளேயிங் கேம்கள்: கேள்வி பதில்

ஒரு பாத்திரமாக மாறி, இணையத்தில் பலரோடு ஒரே கற்பனை உலகத்தில் திரிகிற கேம்கள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்பவர் கல்லடிக்காரர். பல வருடமாக ஒவ்வொரு கேமிலும் ஹீலராகவே, அதாவது அடிபட்ட கூட்டாளிகளின் காயம் ஆற்றுகிற ஆளாகவே, சுற்றுகிறவர்.

களுவாஞ்சிகுடி: அண்ணா, வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டசி 14, இரண்டில் எது ஆளை உள்ளே இழுக்கும்?

அண்ணா இல்லை தம்பி, அக்கா.

இரண்டும் இழுக்கும், இழுக்கிற விதம்தான் வேறு. ஃபைனல் ஃபேன்டசி கதையைக் காட்டி இழுக்கிறது. முதன்மைக் கதையை வரிசையாக முடிக்காமல் அடுத்த நாட்டுக்குள் விடவே மாட்டார்கள். இதன் வரலாறும் சுவையானது. 2010இல் வந்த முதல் பதிப்பு படுதோல்வி. தயாரிப்பாளர் நவோக்கி யோஷிடா பொறுப்பெடுத்து, பழைய உலகத்தின் மேல் ஒரு நிலவை விழ வைத்துக் கதைக்குள்ளேயே அதை அழித்துவிட்டு, 2013இல் புதிதாகத் திறந்தார். அங்கே சந்தைக்காரர் ஒருவர் பேரழிவைப் பற்றிப் புலம்பினால், அது எழுதி வைத்த வசனம் மட்டுமில்லை. அன்று உள்ளே இருந்தவர்கள் வானத்தில் அந்த நிலவு நாளுக்கு நாள் பெரிதாவதைப் பார்த்தவர்கள்.

வார்கிராஃப்ட் இழுப்பது ஊரையும் ஆட்களையும் வைத்து. முக்கியமாக 2019 ஓகஸ்ட்டில் திரும்பத் திறந்த கிளாசிக், அதாவது அந்தக் கேமின் பழைய காலத்துப் பதிப்பு. 40ஆம் லெவல் வரை சவாரி கிடையாது, நடைதான். மெனெத்தில் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்து நிற்கும்போது சுற்றிப் பாருங்கள். ஒருவர் தூண்டில் போடுவார், ஒருவர் மேலாடையைக் கழற்றிவிட்டு ஆடுவார், ஒரு மந்திரவாதி கேட்காமலேயே எல்லாருக்கும் அறிவு கூட்டும் மந்திரம் போட்டுவிட்டுப் போவார். நான் முதலில் சேர்ந்த கில்ட் (சேர்ந்து விளையாடும் குழு) ஆட்களை அந்தக் கப்பல் பாலத்தில்தான் சந்தித்தேன். கப்பல் பிந்தியதால் கதைத்தோம், அவ்வளவுதான்.

தனியாக விளையாடுகிற ஆள் என்றால் ஃபைனல் ஃபேன்டசி. இரண்டு மூன்று மச்சான்மார் சேர்ந்து என்றால் கிளாசிக்.

திருக்கோவில்: லெப்டொப் இல்லை அக்கா, போன் மட்டும்தான். ஏதாவது வழி இருக்கா?

இருக்கு. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2018இலும், அல்பியன் ஆன்லைன் 2021இலும் போனுக்கு வந்தன. இரண்டிலும் கொம்பியூட்டரில் இருப்பவரும் போனில் இருப்பவரும் ஒரே உலகத்தில்தான் நிற்கிறார்கள். அல்பியனில் ஆபத்தான பகுதிக்குள் போய்ச் செத்தால் கையில் இருந்ததெல்லாம் போய்விடும். முதல் வாரம் பழைய உடுப்போடு போங்கள்.

ஏறாவூர்: ரூன்ஸ்கேப் முகங்களைப் பார்த்தாலே சிரிப்பு வருது. இந்த கிராபிக்ஸோடு எப்படி ஒன்றிப்போக?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

நம்ம ஊர்க் கூத்து பார்த்திருப்பீர்கள். வட்டக்களரி, நாலு பக்கமும் சனம், பின்னால் ஒரு திரைச்சீலைகூட இல்லை. ஆனாலும் வடமோடி ராசா கொலுவுக்கு வந்தால் சந்தேகமில்லாமல் அவர் ராசாதான். சுற்றி இருக்கிற அத்தனை பேரும் அவரை ராசாவாக நடத்துவதால்தான் அது நடக்கிறது. கேமிலும் அதே கதை. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் செய்த 'மட்'டில் படமே கிடையாது, வெறும் எழுத்து. அதிலும் ஆட்கள் விடியும் வரை கிடந்தார்கள்.

ரூன்ஸ்கேப்புக்கு வருவோம். 2007 ஓகஸ்ட் மாதத்துப் பழைய பிரதி ஒன்றைத் தூசி தட்டி 2013இல் திரும்பத் திறந்ததுதான் இந்த ஓல்ட் ஸ்கூல். முகம் அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு திறமையை 99ஆம் லெவலுக்குக் கொண்டுபோக 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும். 92ஆம் லெவலில்தான் அதில் பாதி வருகிறது. ஆகவே 99 எடுத்தவர் தோளில் போடும் அந்தச் சால்வையைப் பார்த்ததும் சனம் மரியாதை கொடுக்கிறது. அந்த மரியாதை இருக்கிறதே, அதை எந்த கிராபிக்ஸ் அட்டையும் வரைந்து தராது. இன்னொன்று: போகிற வழியை அம்பு போட்டுக் காட்டும் துணைச் செயலிகளை முதல் மாதம் அணைத்து வையுங்கள். அம்பைப் பார்த்து நடக்கிறவன் ஊரைப் பார்ப்பதில்லை.

கல்முனை: கேம் தங்கம் மலிவாக விற்கிற ஆளைத் தெரியும். வாங்கலாமா?

வேண்டாம். கணக்கைத் தடை செய்வார்கள். அந்தத் தங்கம் யாரோ ஒருவருடைய கணக்கை உடைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். விற்கிறவன் "சரிபார்க்க" என்று பாஸ்வேர்ட் கேட்டால் அடுத்தது உங்களுடைய கணக்கு. இரண்டு படிப் பாதுகாப்பை இன்றைக்கே போடுங்கள்.

அக்கரைப்பற்று: பிங் குறைக்கிற ஆப் போட்டால் லண்டன் சேர்வர் வேகமாகுமா?

பிங் என்றால் உங்கள் கட்டளை கேம் ஓடுகிற கணினிக்கு, அதாவது சேர்வருக்கு, போய்த் திரும்ப எடுக்கிற நேரம். கண்ணாடி நாரில் ஒளி ஓடுவது செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் 8,700 கி.மீ. போய்வர மட்டுமே 87 மில்லிசெக்கன், அதற்குக் கீழே எந்த ஆப்பும் இறக்க ஏலாது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. சில ஆப் சுற்றுவழியைக் கொஞ்சம் திருத்தும், மற்றதெல்லாம் காசு பிடுங்கல். சிங்கப்பூரில் சேர்வர் இருக்கிற கேமாகப் பாருங்கள், அல்பியனுக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் பிங்கைப் பெரிதாகக் கணக்கெடுக்காத கேம்: ரூன்ஸ்கேப்பின் கடிகாரம் 0.6 செக்கனுக்கு ஒரு தரம்தான் துடிக்கும், கொஞ்சம் பிந்தினாலும் பெரிதாகத் தெரியாது.

காத்தான்குடி: தங்கச்சி, நடை, கப்பல் எல்லாம் சொல்ல நல்லாத்தான் இருக்கு. நான் கடை பூட்டிவிட்டு இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடுகிறவன். அதில் பாதியை நடந்தே தொலைக்கவா? பறக்கிற வாகனம் வந்த பிறகுதான் வார்கிராஃப்டே விளையாடக்கூடியதாக ஆனது.

காக்கா, நேரக் கணக்கு சரி. ஆனால் 2007இல் பறப்பு வந்ததும் என்ன நடந்தது? எல்லாரும் மேலால் போனார்கள். பாதையில் எதிரியும் இல்லை, நண்பனும் இல்லை. பறந்து போய் வேலைக்கு மேலேயே இறங்கி, முடித்துவிட்டு எழும்பினால் கீழே இருப்பது வெறும் படம்.

களுவாஞ்சிகுடி (திரும்பவும்): அப்படியென்றால் 2015இல் ஏன் ஆட்கள் கொதித்தார்கள் அக்கா?

இருந்ததைப் பறித்ததால் தம்பி. இனிப் புதிய நிலங்களில் பறப்பு இல்லை என்று வார்கிராஃப்ட் செய்கிற பிளிசார்ட் நிறுவனம் சொன்னது, எதிர்ப்பு கிளம்பியது, சில வாரத்தில் இறங்கி வந்தார்கள். நிலத்தைச் சுற்றி, கதையை முடித்து, அதன் பிறகு பறக்கலாம் என்று ஏற்பாடு. ஃபைனல் ஃபேன்டசியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒவ்வொரு நிலத்திலும் ஈத்தர் ஊற்றுகளைத் தேடி முடித்தால்தான் சிறகு.

காத்தான்குடி: அப்போ பறப்பு பிழையில்லை, இலவசமாகக் கொடுத்ததுதான் பிழை என்கிறீர்களா?

அதைவிட ஒரு படி மேலே போகிறேன் காக்கா. கில்ட் வோர்ஸ் 2இல் 2017இல் வந்த சவாரிகளைப் பாருங்கள். ராப்டர் நீளம் பாயும், ஸ்பிரிங்கர் உயரம் பாயும், ஸ்கிம்மர் தண்ணீருக்கு மேலே மிதந்து போகும். மலையைக் கண்டால் எதில் ஏறுவது என்று யோசிக்க வேண்டும். நிலம் உங்களிடம் ஏதாவது கேட்கிறது. மாதச் சந்தாவும் இல்லை. ஒரு மணித்தியாலக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஏறாவூர்: எல்லாரும் பறந்தால் கப்பல் பாலத்தில் ஆடுகிற ஆளை யார் பார்க்க?

அதைக் காக்காவிடம் கேளுங்கள்.

காத்தான்குடி: ஆடுகிறவர் ஆடட்டும், எனக்கு விடிய ஆறுக்குக் கடை.

மட்டக்களப்பு நகரம்: ஃப்ரீ ஃபயர் இதில் எத்தனையாவது இடம்?

அது சுடுகிற கேம். வேறு ஆளைக் கேளுங்கள்.

சம்மாந்துறை: ஈவ் ஆன்லைனை ஆட்கள் கணக்குப் பேரேடு என்று பகிடி பண்ணுகிறார்கள். அதில் ரோல் பிளே எங்கே இருக்கு?

அது விண்வெளிக் கேம். அதில் பாத்திரம் எழுதித் தரமாட்டார்கள். ஆட்களே கணக்காளர், உளவாளி, தளபதி எல்லாம். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் விண்தொகுதிக்கான கட்டணம் கட்டத் தவறியது. எதிரிகள் பாய்ந்தார்கள். ஏறக்குறைய 21 மணித்தியாலச் சண்டை, நெரிசலைத் தாங்க சேர்வரே நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தது. கேமின் மிகப் பெரிய ரகமான டைட்டன் கப்பல்கள் 75 போயின. போனது போனதுதான், திரும்ப வராது. பிறகு அந்த இடத்தில் சிதைவுகளை நினைவுச் சின்னமாக வைத்தார்கள். இழப்பு நிஜமாக இருந்தால் பயமும் நிஜம். கை நடுங்கியபடி ஒரு சரக்குக் கப்பலை ஓட்டிப் பாருங்கள், பேரேடு என்று சொல்லமாட்டீர்கள். இலவசமாகத் தொடங்கலாம்.

பொத்துவில்: எது பெஸ்ட் கேம்?

மேலே முதல் கேள்வி.

செங்கலடி: வார்கிராஃப்டா, ஃபைனல் ஃபேன்டசியா?

மேலே. முதல். கேள்வி.

வாழைச்சேனை: ஃபைனல் ஃபேன்டசி இலவசம் என்கிறார்கள், உண்மையா?

70ஆம் லெவல் வரை, இரண்டு விரிவாக்கங்களோடு, காலக்கெடு இல்லாமல் இலவசம். ஆனால் சந்தைப் பலகையில் வாங்க விற்க ஏலாது, கில்டில் சேர ஏலாது, கையில் 3,00,000 கில்லுக்கு (அந்தக் கேமின் காசு) மேல் நிற்காது. ஒரு தரம் காசு கட்டிவிட்டால் அதே கணக்கில் இலவசத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே அவசரப்பட்டு அட்டையை நீட்ட வேண்டாம்.

கல்முனை (திரும்பவும்): தங்கம் வேண்டாம் அக்கா, விளங்கிச்சு. லெவல் கூடின கணக்கு ஒன்றை முழுசாக வாங்கினால்?

தம்பி! அதே ஆளா விற்கிறான்? விற்றவன் பழைய மின்னஞ்சலை வைத்து ஒரு மாதத்தில் திருப்பி எடுப்பான். முதலாம் லெவலில் தொடங்குங்கள். பாதுகாப்புப் போட்டீர்களா இல்லையா?