கார்பன் ஸ்டீல் கேம்பிங் கத்தியைத் தீட்டிய பிறகு அதன் வாய் (வெட்டும் விளிம்பு) பொடிந்து போகிறது. தடுக்க என்ன செய்யலாம்?

முதலில் டார்ச் அடித்து, வாயை மேலே பார்க்கப் பிடித்துப் பாருங்கள். நிஜமாகவே பொடிந்திருந்தால் சின்னப் பிறை மாதிரி ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். வாய் ஒரு பக்கமாக மடங்கியிருந்தால் அது வேறு கதை. பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னால் போகும்படி பத்து இழுப்பு இழுத்தாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

என்னுடையது ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்தி. ஸ்காண்டி கிரைண்ட் என்பார்கள். இருபுறமும் அகலமான ஒரே சரிவு நேராக வாயில் வந்து முடியும், இரண்டாவது சரிவு கிடையாது. இரண்டு பக்கமும் சேர்த்து 25 டிகிரிக்குப் பக்கம் வரும். எஃகும் ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவுகோலில் 58-60. மரம் செதுக்க அருமையான கத்தி. ஆனால் இவ்வளவு மெல்லிய வாயை இவ்வளவு கடினமான எஃகில் வைத்தால் பக்கவாட்டில் வரும் அழுத்தத்தைத் தாங்காது. வாங்கிய புதிதில் கைமுடி வழிக்கும் அளவுக்குத் தீட்டிவிட்டு, மறுநாளே கொட்டாங்குச்சியில் குத்தித் திருகினேன். மூன்று இடத்தில் பல் விழுந்தது. தப்பு கத்தியுடையது இல்லை, என்னுடையது.

இப்போது தீட்டி முடித்ததும் முதுகைக் கல்லிலிருந்து இன்னும் ஐந்து டிகிரி போலத் தூக்கி, பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு மட்டும் கொடுக்கிறேன். கத்தியின் கனம் போதும், கை அழுத்தக் கூடாது. வாயில் மயிரிழை அளவு ஒரு சின்னச் சரிவு விழும். மைக்ரோ பெவல் என்பது இதுதான். செதுக்கும்போது அந்தப் பழைய வழுக்கல் கொஞ்சம் குறையும். எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

அப்புறம் பிசிறு. பலரும் கவனிக்காத இடம் இது. கல்லில் ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் மெல்லிய கம்பி மாதிரி உலோகம் எழும்பும். விரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக வெளியே தடவினால் தட்டுப்படும் (வாயின் நீளவாக்கில் தடவாதீர்கள், ரத்தம் வரும்). அதை அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே பிய்ந்து, வாயையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும். மரக்கட்டையில் இழுத்துப் பிசிறைப் பிய்ப்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். வாய் ரம்பம் மாதிரி ஆகிவிடும். பக்கம் மாற்றி மாற்றி, ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பாக, போகப்போக லேசாகத் தேய்த்தால் பிசிறு தானே கரையும். 400 கல்லில் வடிவம், 1000-இல் கூர்மை (எண் கூடக் கூடக் கல்லின் பொடி நைசாகும்), கடைசியில் தோல். காட்டுக்குக் கொண்டுபோகும் கத்திக்கு இதுவே தாராளம்.

ஏற்கெனவே பல் விழுந்த கத்தி என்றால், பள்ளத்தோடு சேர்த்துத் தீட்டி ஒப்பேற்ற முடியாது. வாயைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தி, பள்ளம் மறையும்வரை லேசாக இழுத்து மழுக்குங்கள். மனசு வலிக்கத்தான் செய்யும். பிறகு சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி 400-இல் தேயுங்கள். கறுப்பு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் படவில்லை என்று அர்த்தம்.

வண்டியில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்க வேண்டாம். அரிவாள்மனைக்குச் சரி, இதற்கு ஆகாது. மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்தால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் போய்விடும். அதற்குமேல் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது, நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

தண்ணீர்க் கல்லில் தீட்டினால் உடனே துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவிவிடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் துரு முதலில் கடிப்பது வாயைத்தான். அந்தப் பொட்டுப் பொட்டான குழிகளில்தான் அடுத்த தடவை பொடியும்.