பாவத்தை அறிக்கையிடாமல் தூங்கிய ராத்திரியில் இயேசு வந்துவிட்டால்?

அப்படி நடந்தால் கைவிடப்படுவேனோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். கைவிடப்பட மாட்டீர்கள். ராத்திரி ஜெபத்தில் ஒரு பாவத்தைச் சொல்ல மறந்து தூங்கிவிட்டதால் இரட்சிப்பு கைநழுவிப் போகாது. மத்தேயு 25-ல் இயேசு சொன்ன உவமையில் மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளுமே தூங்கினார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். விளக்குக்கு எண்ணெய் இருந்ததா என்பதில்தான் பிரிந்தார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:10-ஐயும் பாருங்கள்: நாம் விழித்திருந்தாலும் நித்திரையடைந்தாலும் தம்மோடு பிழைத்திருக்கும்படி இயேசு நமக்காக மரித்தார் என்கிறது. பவுல் அங்கே மரண நித்திரையைச் சொல்கிறார் என்றாலும், அந்த ஆறுதல் உங்களுக்கும் உண்டு.

படுக்கும் முன் இயேசுவின் வருகையின் தேதியைக் கணக்குப்போடும் வீடியோக்களைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று காத்திருந்தார்கள். அந்த நாள் அப்படியே கடந்துபோனது. அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் (மத்தேயு 24:36).

ஒரு வாரம் வீடியோக்களை நிறுத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ வாசித்து, நினைவுக்கு வருகிற பாவத்தை இன்னதென்று சொல்லி ஒரே முறை அறிக்கையிடுங்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். பயம் குறைந்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஆனால் தெரிந்தே ஒரு பாவத்தில் இருந்தாலோ, யார்மேலாவது பகை வைத்திருந்தாலோ, நான் சொன்னதைச் சாக்காக எடுக்காதீர்கள். முதலில் போய் அதைச் சரிசெய்யுங்கள். தூக்கமே போய்விட்டதென்றால் போதகரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.