பழைய ஸ்பீக்கர், பெயர் தெரியாத பெட்டி: வாசகர் கேள்விகள்

அப்பா எழுபதுகளில் வாங்கிய இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் வீட்டில் இருக்கின்றன. முன்பக்கப் பெயர்ப்பட்டை உதிர்ந்துவிட்டது, பின்னால் இரண்டு டெர்மினல் தவிர எதுவும் இல்லை. எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், மதுரை

பெயர்ப்பட்டை இருந்திருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பெட்டி செய்தவர் ஒருவர், உள்ளே ஒலி எழுப்பும் பாகமான டிரைவரைச் செய்தவர் வேறொருவர் என்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். உண்மையான அடையாளம் வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய டிரைவரின், மேக்னட் முதுகில்தான் இருக்கும். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, முன் துணியை எடுத்துவிட்டு, ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். ஒரு கையால் கோனை, அதாவது வூஃபரின் அதிரும் கூம்பை, மறைத்துக்கொண்டு கழற்றுங்கள், ஏனென்றால் மேக்னட் ஸ்குரூடிரைவரைச் சட்டென்று இழுத்துக் கோனில் ஓட்டை போட்டுவிடும். அப்படிக் கெட்டுப்போன நல்ல வூஃபர்கள் நிறைய. வயரைப் பிடுங்குவதற்கு முன்னால், எந்த நிற வயர் எந்த முனையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் வாங்கியது என்றால் உள்ளே பிலிப்ஸ் டிரைவர் இருக்க வாய்ப்பு உண்டு. 'ஏடி 8060/டபிள்யூ8' போல ஒரு முத்திரை இருந்தால் அது பிலிப்ஸின் எண். ஏடிக்குப் பிறகு வரும் 8 என்பது ஏறத்தாழ அங்குல அளவு, டபிள்யூ என்றால் வூஃபர், கடைசி 8 என்பது ஓம் கணக்கில் மின்தடை. டி என்றால் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர், எஸ்க்யூ என்றால் நடுத்தர ஒலிக்கான ஸ்குவாக்கர், எம் என்றால் முழு வீச்சு டிரைவர். ஆக 'ஏடி 0160/டி8' (01 என்றால் ஒன்று) ஒரு அங்குல ட்வீட்டர், 8 ஓம்.

ஆனால் டிரைவர் பெயர் கிடைத்ததும் பெட்டியின் பெயர் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இங்கிலாந்தின் கெஃப் கம்பெனி 1961-ல் தொடங்கியது. அதன் பி110 வூஃபரையும் டி27 ட்வீட்டரையும் வேறு பல கம்பெனிகளும் வாங்கித் தங்கள் பெட்டிகளில் போட்டன. அதனால் அடுத்து கிராஸ்ஓவரை, அதாவது ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்டைப் பாருங்கள். கெப்பாசிட்டர் மேலே சில சமயம் மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். இருப்பதிலேயே புதிய தேதி எதுவோ, பெட்டி அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, இடையில் யாரும் பாகம் மாற்றாமல் இருந்தால். மாற்றியிருந்தால் சால்டரே காட்டிக்கொடுக்கும்: பழைய சால்டர் மங்கியிருக்கும், புதியது பளபளக்கும். இவ்வளவும் கையில் இருந்தால், அப்புறம் பெட்டியின் உயரம், அகலம், ஆழத்தை அளந்துகொண்டு, 'வயர்லெஸ் வேர்ல்ட்', 'ஆடியோ' மாதிரி பழைய இதழ்களின் ஸ்கேன்களில் அந்தக் கால விளம்பரங்களைப் புரட்டுங்கள். விளம்பரங்களில் அளவுகளைப் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள், ஒத்துப்பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்பீக்கரில் '328-7214' என்று இருக்கிறது. மாடல் நம்பரா?
- வாசகி, திருச்சி

இல்லை. முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரின் குறியீடு, 328 என்றால் யூட்டா. பிறகு வருவது 1972-ஆம் ஆண்டின் 14-வது வாரம். 220 என்றால் ஜென்சன், 137 என்றால் சிடிஎஸ், 465 ஆக்ஸ்ஃபோர்டு. பழையவற்றில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும். '220632' என்று இருந்தால் 56-ஆ 66-ஆ என்பதை மற்ற பாகங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒருவர் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஜோடியை விற்கிறார், விலை ஏகமாகச் சொல்கிறார். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், சென்னை

எழுபதுகளில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்தது இது. பிபிசி உரிமம் கொடுக்க ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டர், ஹார்பெத் எனப் பலர் செய்து விற்றார்கள், அதனால் கம்பெனிப் பெயர் வேறாக இருப்பதே போலிக்கு அடையாளம் ஆகாது. பெட்டி சுமார் 12 அங்குல உயரம், ஏழரை அகலம். ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்பு ஃபெல்ட் துணி, அதன் மேல் துளையிட்ட உலோக மூடி. பி110 வூஃபர் முன்பலகையின் உட்பக்கத்திலிருந்து பொருத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து ஸ்குரூ போட்டிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். முதலில் வந்தவை 15 ஓம், எண்பதுகளின் பிற்பகுதியில் 11 ஓம் ஆனது. ஒன்று இது, ஒன்று அது என்று சேர்த்த ஜோடியை என்ன விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டின் வரிசை எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா பாருங்கள். ஜோடியாக அளந்து பொருத்தியதுதான் இதன் உயிரே. இன்னொன்று, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்த சின்னப் பெட்டி இது, பெரிய ஹாலில் அதிரும் பேஸ் எதிர்பார்த்து அவ்வளவு பணம் போடாதீர்கள்.

ஜேபிஎல் எல்100 ஸ்பீக்கரின் முன்பக்க ஃபோம் தொட்டாலே பொடியாகிறது. மெக்கானிக் வூஃபரையே மாற்றச் சொல்கிறார்.
- வாசகர், கோவை

மாற்றவே மாற்றாதீர்கள்! பொடியாவது முன்பக்க மூடியான கிரில் ஃபோம். ஆரஞ்சு, நீலம், பிரவுன் நிறங்களில் கட்டம் கட்டமாக வந்த அந்த ஃபோம் வயதானால் உதிரத்தான் செய்யும், புதிதாகவே கிடைக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் 12 அங்குல வெள்ளைக் கோன் வூஃபரின் விளிம்பு ஃபோமே அல்ல, மடிப்பு மடிப்பான வேறு பொருள், அது இன்னும் நன்றாகவே இருக்கக்கூடும். பொடியை மெல்லிய பிரஷால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். வூஃபர் வேலை செய்கிறதா என்று 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி அதில் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய ஜேபிஎல் வூஃபர்களில் சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அது கோளாறு அல்ல, அவர்கள் வைத்த முறையே அப்படி. ட்வீட்டரில் மட்டும் பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள்.